மூணு லீட்டர்

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து
“அஞ்சு மில்லிமீட்டர்” என்றார் டொக்டர்.
என் மூக்குத்திக் கல்லைவிடப் பெரிது.
வலது பக்கம். இடது பக்கத்தில் மணல்.
“வத்துர, வத்துர” என்று சிங்களத்தில் இரண்டு தரம்,
பிறகு தேடியெடுத்த தமிழில்:
“தண்ணி குடிக்க வேணும். ஒரு நாளைக்கு மூணு லீட்டர்.”
தலையாட்டினேன்.
காலையில் மலையேறி
நாலரைக்கு இறங்குகிறவள்
எங்கே போய் உட்காருவாள் என்பது
அவருடைய துண்டில் எழுத இடமில்லாத விஷயம்.
எனக்கும் வாய் வரவில்லை.
பின்னால் வரிசையில் ஆம்பிளைகள்.

பதினெட்டு வயதில் பெயர் பதிந்ததிலிருந்து
எனக்குத் தெரிந்த கணக்கு வேறு:
விடிய ஒரு கோப்பை சாயம்,
பத்து மணிக்கு வாய் நனைய ஒரு மிடறு,
பகல் நிறுவை முடிந்து லயத்துக்கு ஓடி
அங்கே ஒரு தரம்.
மற்றதெல்லாம் அடக்கு.
தாகத்தைப் பழக்கலாம். நாய்க்குட்டி மாதிரி
ஒரு மூலையில் படுத்துக்கொள்ளும்.
உள்ளே கிடந்து அதற்குப் பல் முளைக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் கடையில் நிற்கிற கொழுந்தன்
தீபாவளிக்கு வந்தபோது ஆறு போத்தல் இறக்கினான்.
“மினரல் வாட்டர் அண்ணி. கல்லைக் கரைச்சிடும்.”
ஒட்டியிருந்த தாளை அடுப்பு வெளிச்சத்தில் வாசித்தேன்.
கல்சியம் இத்தனை, மக்னீசியம் இத்தனை, சோடியம் கொஞ்சம்.
அடியில் எறும்பெழுத்தில் ஊற்றின் இடம்:
நம்ம ஒன்பதாம் நம்பர் மலைக்கு அந்தப் புறம்.
லொறியேறிக் கொழும்பு போய்
ரயிலில் நின்றுகொண்டே திரும்பி வந்திருக்கிறது
பீலியில் இரவெல்லாம் சும்மா கொட்டுகிற தண்ணி,
மூடி போட்டுக்கொண்டு.

கிளினிக் நர்ஸ் துஷ்யந்தியிடம் கேட்டேன்:
கல்லும் கல்சியம், தண்ணியிலும் கல்சியம்,
குடித்தால் கூடாதா?
“அது பயப்படுற அளவில்ல அக்கா.
மலைத்தண்ணி மெலிசு. போத்தல்லயும் ஒண்ணும் அதிசயமில்ல.
பீலித் தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க, போதும்.
தண்ணியால வந்த கல்லு இல்ல இது,
தண்ணி இல்லாம வந்தது.
சாயத்த மட்டும் கொறைங்க. கல்லுக்கு வேண்டியது
தேயிலையிலயும் கொஞ்சம் இருக்கு.”
வெளியே வந்து தனியாகச் சிரித்தேன்.
விரலில் கறையாக நின்றது
உள்ளேயும் போயிருக்கிறது.

திங்கட்கிழமை ஒரு போத்தலைக் கூடைக்குள் வைத்தேன்.
பத்தரைக்குள் குடித்து முடித்தேன்.
பதினொன்றுக்கு மலை என்னை நெருக்கியது.
கானுக்குள் இறங்கினேன். அட்டை. ஈரம்.
பரிபூரணமும் செங்கமலமும்
இடுப்புப் படங்கை அவிழ்த்து
இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தார்கள்.
மேல் ரோட்டிலிருந்து சுப்பவைசர் விசில்:
“என்ன அங்க மாநாடு?”
“டொக்டர் குடுத்த மருந்து எறங்குதுங்க” என்றாள் பரிபூரணம்.
மலை முழுக்கச் சிரித்தது.
நான் அழுதேன். எரிச்சல்.
கல் எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.
அன்று நிறுவையில் இரண்டு கிலோ குறைவு.
மூன்று பேருக்கும்.

புதன்கிழமை நாலு போத்தல் மலையேறின.
அடுத்த வாரம் பதினொன்று:
பழைய சோடாப் போத்தல், சாராயப் போத்தல்,
வாத்துப் படம் போட்ட பள்ளிக்கூடப் போத்தல் ஒன்று,
எல்லாவற்றிலும் பீலித் தண்ணி.
பெரட்டில் செங்கமலம் கேட்டேவிட்டாள்:
ஒன்பதாம் நம்பரில் நாலு தகரமும் ஒரு குழியும்.
கணக்கப்பிள்ளை புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.
எந்தப் பக்கத்தில் என்று தெரியவில்லை.

மழை பெய்த சனிக்கிழமை இரவு அது இறங்கியது.
கழுவி, போத்தல் மூடியில் வைத்திருக்கிறேன்.
பழுப்பு. முள்ளு முள்ளாய். இவ்வளவுதானா நீ.
கிளினிக் பதினாலாம் தேதி.
எப்படி வந்தது என்று அவர் கேட்காவிட்டாலும்
இந்த முறை சொல்ல வேணும்,
வரிசையில் யார் நின்றாலும்.